நொண்டும் குதிரைக்கு நோய் எங்கே?

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் சாலையில், உப்பளங்களும் உடைமரங்களும் சூழ ஆரவாரமற்றுக் கிடக்கும் பழையகாயல் என்னும் ஊர், எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மரக்கலங்கள் நங்கூரம் பாய்ச்சி நின்ற பெருந்துறைமுகமாக விளங்கியது என்றால், சரித்திரம் படியாதவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே ஆராய்ந்த கால்டுவெல் பாதிரியார், சீனப் பீங்கான் துண்டுகளையும் அரபு நாட்டு மட்கல ஓடுகளையும் மணலிலிருந்து பொறுக்கியெடுத்து, அந்தப் பழம் பெருமைக்குச் சாட்சி காட்டினார். அத்துறையிலிருந்து புறப்பட்ட சரக்குகளில் முதன்மையானது முத்து. வந்து இறங்கியவற்றுள் முதன்மையானது குதிரை.

எவ்வளவு குதிரைகள் வந்தன என்பதை இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான் என்றும், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். பாரசீகத்தில் இருந்தபடி தம் காலத்துச் செய்திகளைத் தொகுத்த வாசாப் என்ற சரித்திராசிரியர், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் தம் சொந்த லாயத்துக் குதிரைகளிலிருந்து 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் இங்கே அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், கடலிலே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியனுடைய கருவூலத்திலிருந்தே பணம் கொடுக்கப்பட்டது என்றும் எழுதுகிறார்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கிய பிராணிகள் ஏன் மடிந்தன? வாங்கியவர்கள் அவற்றைப் பேணத் தெரியாதவர்களாக இருந்தார்கள் என்பது இருவருடைய அபிப்பிராயமும். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியமும், வெண்ணெயிலே பக்குவம் செய்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்றும், முளையடித்துக் கயிற்றால் கட்டி நாற்பது நாள் அசையவொட்டாமல் நிறுத்திக் கொழுக்க வைத்தார்கள் என்றும், அதன்பின் பழக்காமலே திடீரென்று ஏறி விரட்டினார்கள் என்றும் வாசாப் சொல்கிறார். சோற்றோடு இறைச்சி கலந்து போட்டார்கள் என்றும், உயர்ந்த ஜாதி ஆணும் பெண்ணும் கூடினாலும் இந்நாட்டில் பிறக்கும் குட்டி கால் கோணிச் சவாரிக்கு உதவாததாக இருந்தது என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். இவற்றையெல்லாம் விடக் கசப்பான ஒரு செய்தியும் அவர் நூலில் உண்டு. குதிரை கொண்டுவந்த வியாபாரிகள், குதிரை வைத்தியம் அறிந்தவர்களையும் லாடம் அடிப்பவர்களையும் தாமும் அழைத்து வருவதில்லை, வேறொருவர் வரவும் விடுவதில்லை. குதிரைகள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த பருவத்தில் மறுபடியும் அவ்வளவு குதிரைகள் விலைபோகும் என்பது அவர்கள் கணக்கு.

இக்காலத்துக் குதிரை வைத்தியர் ஒருவர் இந்த வருணனைகளைப் படித்தால், அவர் மனத்தில் உடனே எழக்கூடிய சந்தேகங்கள் சில உண்டு. நடமாட்டம் இல்லாமல் நிறுத்தி மிதமிஞ்சித் தானியம் கொடுத்தால் குதிரைக்குக் குளம்பு அழற்சி வரும். இதைத்தான் மருத்துவர்கள் லேமினைட்டிஸ் என்கிறார்கள். மாவுச்சத்து மிகுந்த தீனியால் குடலிலே நேரும் விபரீதம் இரத்தத்தின் வழியாகக் குளம்பைத் தாக்க, குளம்பின் உட்சுவரையும் கால் எலும்பையும் இணைத்துப் பிடிக்கும் மெல்லிய மடிப்புகள் தளர்ந்துவிடுகின்றன. தானியத்தையும் தவிட்டையுமே நம்பி வளர்க்கும் குதிரைக்குப் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைகிறது. அப்போது எலும்பு வலுவிழந்து, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டல் மாறி மாறித் தோன்றும். பழைய பாண்டிய லாயத்துக் குதிரைகள் இவற்றால்தான் இறந்தன என்று தீர்மானிக்க இப்போது சான்று இல்லை. ஆனால் அந்த லாயத்தில் பல குதிரைகள் கால் தாங்கித் தாங்கி நின்றிருக்கும் என்று எண்ணுவதற்கு, அக்காலத்தவர் எழுதிய தீனி விவரமே போதிய காரணமாகும்.

குதிரையின் காலை அறிந்துகொள்ள முதலில் அதன் அமைப்பை மனத்தில் கொள்ளவேண்டும். நாம் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடக்கிறோம். குதிரையோ ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியை ஊன்றி நடக்கிறது. அந்த விரலின் நகமே குளம்பு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலின் பாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பங்கை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று என்பதே கிடையாது. எலும்பும், அதைத் தழுவிச் செல்லும் தசைநாண்களும், பிணைநார்களும், தோலுமே உள்ளன. மேலே தோளிலும் புஜத்திலும் இருக்கும் தசைகள் இழுக்கும் இழுப்பை நீண்ட நாண்கள் கீழே குளம்புவரை கொண்டு செல்கின்றன. வேகத்துக்காகவே இயற்கை வகுத்த இந்த லகுவான ஏற்பாட்டில், ஓரிடத்தில் நேரும் சிறு பழுதும் பிராணியின் நடை முழுவதையும் கெடுத்துவிடும். பழுது நேர்ந்த இடமோ பெரும்பாலும் கொம்புபோல் இறுகிய குளம்புக்குள் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் மறைந்து கிடக்கும்.

குதிரைக்கு வாய் இல்லை. வலியை அது நடையாலேதான் சொல்லும். முன்னங்கால் ஒன்றில் நோவு இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கிப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்னங்காலில் நோவு என்றால் இடுப்பு ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற பழைய வாதத்தைத் தீர்க்க, 1878-இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படம்பிடித்து, எழுகின்றன என்றே பிரத்தியட்சமாகக் காட்டினார். கண்ணுக்குப் பிடிபடாத ஒன்றைக் குதிரையிடத்தில் படம் காட்டித் தந்த முதற்பெரும் நிகழ்ச்சி அதுவே. அப்படம் வெளித்தோற்றத்தைக் காட்டியது. தோலுக்கும் குளம்புக்கும் உள்ளே பார்க்கும் காலம் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிறந்தது.

தூத்துக்குடியிலிருந்து வல்லநாடு வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் உள்ள புதுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில், பந்தய வண்டியில் பூட்டும் குதிரை ஒன்றைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்ததைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தென்பாண்டிச் சீமையில் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடப்பது வழக்கம். தார்ச் சாலையிலே சாரதி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் விரட்டுவார். அவ்வாறு ஓடிய குதிரை சில நாளாக இடது முன்னங்காலைத் தாங்கியது. உரிமையாளர் அதைத் தென்னந்தோப்பு மணலில் நடத்திக் காட்டி, ‘இப்பம் சரியாத்தானே நடக்கு, டாக்டரய்யா?’ என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான லாடக்காரர் சிரித்துக்கொண்டே, ‘தார் ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி, மணல்ல எல்லாக் குதிரையும் நல்ல குதிரைதான்’ என்றார். அவர் சொன்னது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. குளம்பிலும் எலும்பிலும் உள்ள நோவு கெட்டித் தரையில் மிகுந்து தெரியும். நாணிலும் நாரிலும் உள்ள நோவு பெரும்பாலும் புதையும் மண்ணில்தான் மிகுந்து தெரியும். பல்கலைக்கழகங்களில் போதிக்கப்படும் இந்தப் பாடத்தை அவர் அநுபவத்தாலேயே அறிந்து வைத்திருந்தார்.

சாலையில் ஓட்டியபோது தலை ஏறி இறங்கியது. மருத்துவர் கையால் ஒவ்வோர் இடமாகத் தடவிச் சூடு பார்த்தார். கணுவுக்குப் பின்புறம் விரல் வைத்து நாடி துடிக்கும் வேகத்தைக் கவனித்தார். அகன்ற வாயுள்ள இடுக்கியால் குளம்பை இடம்விட்டு இடம் அழுத்தினார். குதிப்புறத்தில் அழுத்தியபோது குதிரை வெடுக்கென்று காலைப் பறித்துக்கொண்டது. உடனே படம் எடுத்துவிடவில்லை. குளம்பின் பின்பாகத்துக்கு உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்பை ஒட்டி மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிதளவு ஊசியால் செலுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்தார். மீண்டும் ஓட்டியபோது நொண்டல் அநேகமாக மறைந்திருந்தது. நோய் குளம்பின் பின்பாகத்தில் இருக்கிறது என்பது அதனால் நிச்சயமாயிற்று. இங்ஙனம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியையும் மரத்துப்போகச் செய்து, எந்த இடத்தை மரக்கச் செய்தபோது நொண்டல் நின்றதோ அந்த இடத்தையே நோயின் ஸ்தானம் என்று நிர்ணயிக்கும் முறை, இன்று உலகெங்கும் குதிரை வைத்தியத்தின் அடிப்படையாக இருந்து வருகிறது. அதன் பிறகுதான் கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவி வண்டியிலிருந்து இறங்கியது.

ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். மறு ஆண்டிலேயே ஐரோப்பாவில் கால்நடை மருத்துவர்கள் அதைக் குதிரையின் காலில் பிரயோகித்துப் பார்த்துவிட்டார்கள். முத்துக்குளித்துறை மக்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். முத்து இருக்கிறதா இல்லையா என்று அறியச் சிப்பியைக் கொன்று திறந்தாக வேண்டியிருந்த காலம் போய், அதை உடைக்காமலே எக்ஸ் கதிரால் உள்ளே பார்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிரிலுள்ள இலங்கைக் கரையில் முயற்சி நடந்தது. குளம்பும் ஒருவகைச் சிப்பியே. திறந்தால் உயிருக்குக் கேடு, திறவாவிட்டால் உள்ளிருப்பது தெரியாது. அன்று இருட்டறையும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டியிருந்த இந்த வித்தை, இன்று குதிரை நிற்கும் இடத்திலேயே, கணினித் திரையில் சில விநாடிகளில் படம் காட்டுகிறது. புதுக்கோட்டைக் குதிரையின் படத்தில் எலும்பு முறிவோ அரிப்போ காணப்படவில்லை. ஆனால் குளம்பின் முன்நுனி நீண்டும் குதி தாழ்ந்தும் போய், கால் விரலின் எலும்புகள் நேர்கோட்டில் நில்லாமல் பின்னோக்கி ஒடிந்தாற்போல் வளைந்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. அந்த வளைவினால் குதியில் உள்ள சிற்றெலும்பும் அதன்மேல் ஓடும் நாணும் ஒவ்வோர் அடியிலும் நசுங்கிக்கொண்டிருந்தன.

எக்ஸ்ரேக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தாலன்றி அந்தக் குறைவு படத்தில் தெளிவாகத் தோன்றாது. நாணும் நாரும் அதில் அறவே தெரியா. அக்குறையைத் தீர்க்க வந்தது, மகப்பேறு மருத்துவமனைகளால் நம் வீட்டுப் பெண்களெல்லாம் அறிந்திருக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அலைகளை உள்ளே அனுப்பி, அவை எதிரொலித்து மீளும் தன்மையைக்கொண்டு உருவம் வரைகிறது அக்கருவி. 1980-களின் தொடக்கத்திலிருந்து அது குதிரையின் நாண்களைப் பார்க்கப் பயன்பட்டு வருகிறது. நல்ல நாணின் இழைகள் நெருங்கி இணைந்த வெண்கோடுகளாகத் தோன்றும். இழை அறுந்த இடத்தில் நடுவே கருந்திட்டு ஒன்று விழும். அந்தத் திட்டு நாணின் குறுக்களவில் எத்தனை பங்கு, எவ்வளவு நீளம் என்றெல்லாம் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

சிகிச்சையிலும் இக்கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. அறுந்த நாண் தழும்பு திசுவால் மெல்ல மெல்லக் கூடி ஆற ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும். வீக்கம் வடிந்து, சூடு தணிந்து, நொண்டலும் நின்றுவிடும் நாளில் நாண் உள்ளுக்குள்ளே பாதிகூட ஆறியிராது. அந்த நாளில்தான் அவசரப்படும் உரிமையாளர்கள் வண்டியில் பூட்டி, ஆறிவரும் புண்ணை மறுபடி கிழித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, இழைகள் கூடிவருவதைக் கண்ட பின், கையில் பிடித்து நடத்துவது, அப்புறம் மெதுவான ஓட்டம், அப்புறமே வேகம் என்று படிப்படியாக உழைப்பைக் கூட்டினால் இந்த விபத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுச் சாரத்தையோ, எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களையோ, திரையைப் பார்த்தபடியே கருந்திட்டின் நடுவில் ஊசியால் இறக்கும் முறைகளும் இப்போது கையாளப்படுகின்றன.

ஒலி அலை நாணுக்குள் புகும். கெட்டியான குளம்புச் சுவருக்குள் புகாது. எனவே முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதிக்குப் பிறப்பிடமான குளம்பின் உட்புறம் நெடுங்காலம் அரைகுறையாகவே தெரிந்திருந்தது. குதியில் நோவு, எக்ஸ்ரேயில் நவிகுலர் என்ற சிற்றெலும்பில் ஏதோ மாறுதல் என்றால், ‘நவிகுலர் நோய்’ என்று பெயர் சூட்டுவார்கள். எந்த மருந்துக்கும் அடங்காவிட்டால் நரம்பையே வெட்டி உணர்ச்சியைப் போக்கி ஓடவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபின் இந்த அபிப்பிராயமே மாறிற்று. வலிய காந்தப்புலத்தில் உடலின் நீர்ச்சத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒழுங்குபடுவதையும், ரேடியோ அலை பட்டதும் குலைந்து திரும்புவதையும் கொண்டு படம் அமைக்கும் இக்கருவி, எலும்பு, நாண், நார், நீர்க்கோவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிரித்துக் காட்டுகிறது. எலும்புக்கு மேலே ஓடும் ஆழ்நாணில் கிழிசல் விழுந்திருந்தும், மூட்டின் பக்கவாட்டு நார் சிதைந்திருந்தும், அதுவரை எலும்பு நோய் என்று தீர்ப்பளிக்கப்பட்ட குதிரைகள் பல என்பது அப்போது வெளிவந்தது. ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நோய் பல நோய்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓய்வும் லாடமும் மருந்தும் வெவ்வேறாயின.

ஆனால் ஐந்நூறு கிலோ பிராணியை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நுழைப்பது எப்படி? முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைப்பதே முதலில் இருந்த வழி. குதிரைக்கு மயக்கம் என்பது பெரிய கண்டம். வயிற்று நோய் இல்லாத நல்ல குதிரைகளிலும் நூற்றுக்கு ஒன்று வரை மயக்கத்தாலும் அதன் பின்விளைவாலும் இறக்கிறது. மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போது நல்ல காலையும் முறித்துக்கொள்வது உண்டு. ஆகவே நின்றபடியே லேசான மயக்க ஊசியோடு காலை மட்டும் காந்தத்தின் இடைவெளியில் வைத்துப் படம் எடுக்கும் கருவி இங்கிலாந்தில் 2002 முதல் வழக்கத்துக்கு வந்தது பெரிய முன்னேற்றமாயிற்று. சி.டி. ஸ்கேன் கதையும் இதே போக்கில்தான். 1970-களின் தொடக்கத்தில் ஹவுன்ஸ்பீல்டு மனிதருக்காக ஆக்கிய அந்தக் கருவி, எலும்பைக் குறுக்கே நுண்ணிய தளங்களாகக் காட்டி, எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறையும் விரிசல்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. அதிலும் இப்போது நின்றபடி எடுக்கும் வகை வந்துவிட்டது.

உருவத்தைக் காட்டும் இவற்றோடு, எலும்பில் நடக்கும் செயலைக் காட்டும் கருவிகளும் உண்டு. டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளை எலும்பில் சென்று படியும் மருந்தோடு சேர்த்து இரத்தக் குழாயில் ஏற்றினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அது பழுதடைந்து சீர்செய்துகொண்டிருக்கும் எலும்புப் பகுதியில் மிகுதியாகத் தங்கும். காமா கேமரா அந்த இடத்தைச் சுட்டிக் காட்டும். எக்ஸ்ரேயில் தோன்றாத மயிரிழை விரிசல் இதில் புலப்படும். அப்பொருளின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுவதால் குதிரைக்குக் கேடில்லை. எனினும் சாணமும் மூத்திரமும் கதிர் வீசும் என்பதால் ஒரு நாளாவது அதைத் தனி லாயத்தில் வைப்பார்கள். இதைவிடக் கூர்மையான பெட் ஸ்கேன், 2015-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் குதிரைக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. அம்மாநிலத்து சாண்டா அனிடா பந்தயத் திடலில் குதிரைகள் அடுத்தடுத்துக் கால் முறிந்து மடிந்து, ஊரெல்லாம் கண்டனம் எழுந்த 2019-ஆம் ஆண்டின் இறுதியில், நின்றபடியே கணுவைப் பார்க்கும் பெட் கருவி அத்திடலிலேயே நிறுவப்பட்டது. முறிவதற்கு முன்னரே முறியப்போகும் எலும்பைக் கண்டு ஓய்வு கொடுப்பதே அதன் நோக்கம். பந்தயக் குதிரையின் கணு மூட்டுக்குப் பின்னுள்ள சிற்றெலும்புகளில் பழுது தொடங்குவதை அது முன்கூட்டிக் காட்டுகிறது.

முறிந்த பின் சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு, 2006-இல் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரையின் வரலாறே சாட்சி. இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளான எலும்பைத் தகடு வைத்து இருபத்தேழு திருகாணிகளால் பொருத்தி, மயக்கம் தெளியும்போது காலை உதைத்து முறித்துக்கொள்ளாமலிருக்க நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு எழுப்பினார்கள். எலும்பு கூடிவந்தது, ஆனால் பாரம் முழுவதையும் தாங்கிய மற்றக் காலில் குளம்பு அழற்சி கண்டு, எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரியில் அதைக் கருணைக் கொலை செய்யவேண்டியதாயிற்று. குதிரை மூன்று காலில் நெடுநாள் வாழாது என்ற பழைய உண்மையை, பெரிய மருத்துவமனையின் சகல சாதனங்களாலும் அன்று மாற்ற முடியவில்லை.

படத்தில் காண்பதெல்லாம் நோயன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வயதான குதிரையின் மூட்டில் எலும்பு முள்ளும் தேய்வும் பல இருக்கும். அவற்றுள் எது இன்றைய நொண்டலுக்குக் காரணம் என்பதைப் படம் தானாகச் சொல்லாது. மரத்துப்போகச் செய்யும் ஊசியால் இடத்தை நிர்ணயிக்காமல் கால் முழுவதையும் படமெடுத்துத் தள்ளினால், பழைய வடுவுக்குச் சிகிச்சை செய்துவிட்டுப் புதிய நோயை வளரவிடும் அபாயம் உண்டு. கண்ணும் கையும் கேள்வியைச் சரியாக வகுத்துக் கொடுத்தால்தான் கருவியின் விடை பயன்படும். லாடக்காரரும் மருத்துவரும் அந்தத் தார்ச் சாலையில் செய்தது கேள்வியை வகுக்கும் வேலை.

இந்நாட்டில் குதிரை வைத்திய அறிவே இருந்ததில்லை என்று யாரும் நினைக்கவேண்டா. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவ சாஸ்திரங்கள் பழமையானவை. நகுலன் பெயரிலுள்ள நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணச் சித்திரங்களோடு 1952-இல் பதிப்பித்தது. ஆயினும் சுவடியிலே இருந்த ஞானம் காயல் துறையின் லாயங்களுக்கு எட்டவில்லை. கடல் கடந்து வரவேண்டிய ஞானத்தை வியாபாரிகள் வரவிடவில்லை. இன்று நிலைமை வேறு. அன்று குதிரையை அனுப்பி வைத்தியரை நிறுத்திக்கொண்ட அதே பாரசீக வளைகுடாவின் கரையில், துபாயிலும் தோஹாவிலும் குதிரைகளுக்கென்றே பெரிய மருத்துவமனைகள் இயங்குகின்றன. அங்கே கண்டறியப்படுவது சில மாதங்களில் உலகத்து மருத்துவப் பத்திரிகைகளில் வெளிவந்துவிடுகிறது. அதைத் தடுக்க எந்த வியாபாரியாலும் ஆகாது. நம் நாட்டிலும் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1985 முதல் ஹிசாரில் இயங்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம், நமக்கு மிக அருகே திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் பிறந்த கால்நடை மருத்துவக் கல்லூரி என்று நிலையங்கள் இருக்கின்றன.

கோடிக்கணக்கில் விலையுள்ள காந்தமும் பெட் கருவியும் ஒவ்வோர் ஊருக்கும் வரவேண்டும் என்று கேட்பது அறிவீனம். இக்கரையில் வண்டி இழுக்கும் குதிரைகளுக்கு வரும் கால் நோய்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் போதும். வேண்டுவது, எடுத்த படம் மருத்துவருடைய பெட்டியில் அடைந்து கிடக்காமல் லாடக்காரர் கண்ணுக்கும் வருவது. குளம்பு அழற்சி கண்ட குதிரையின் பக்கவாட்டுப் படத்தில், குளம்பின் முன்சுவருக்கு இணையாக இருக்கவேண்டிய உள்ளெலும்பு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, எலும்பின் நுனிக்குக் கீழே உள்ளங்குளம்பு எவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கே அரத்தை ஓட்டுகிறவன் குதிரையை நிமிர்த்துவான். தெரியாமல் குத்துமதிப்பாகச் சீவுகிறவன் இரத்தம் காண்பான். புதுக்கோட்டைக் குதிரையின் படத்தை மருத்துவர் திரையிலே விரல் வைத்துக் காட்டியதும், அந்த லாடக்காரர் குளம்பின் முன்நுனியை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதை உளியால் தாமே கோடு கிழித்துக் காட்டினார். மருத்துவர் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. குதியைத் தாங்கும்படி சற்று நீண்ட லாடம் ஒன்றை லாடக்காரர் அன்றைக்கே அடித்து முடித்தார்.

எஞ்சியது ஒன்றே. இரண்டு மாதம் வண்டியில் பூட்டக் கூடாது, மறுபடி படம் பார்த்த பிறகே ஓட்டம் என்று மருத்துவர் சொன்னபோது, உரிமையாளர் முகம் வாடியது. அடுத்த மாதம் ஊர்க்கொடை, பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. இந்த இடத்தில்தான் எந்த நாட்டிலும், எந்தக் கருவிக்குப் பின்னும், சிகிச்சை வெல்வதும் தோற்பதும் நிச்சயமாகிறது. பந்தயம் நடத்தும் கமிட்டிகள் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் கெட்டித் தரையில் ஓட்டிப் பார்த்து, தலை ஏறி இறங்கும் குதிரைக்கு இடமில்லை என்று ஒரு விதி வகுத்துவிட்டால், உரிமையாளர்களின் ஆசைக்கும் மருத்துவரின் புத்திமதிக்கும் நடக்கும் இந்தப் போராட்டம் பாதி தீர்ந்துவிடும். அந்த விதிக்கு ஸ்கேனும் வேண்டாம், செலவும் இல்லை. நல்ல கண்ணுள்ள ஒரு லாடக்காரரும், அவர் சொல்லுக்குக் கட்டுப்படும் கமிட்டியும் இருந்தால் போதும்.